எக்ஸ்ப்ஐஸ்-17: பேத்திக்கு வாங்கிய பெட்டி, எட்டு மாதத்துக்குப் பிறகு

மதுரையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாடம் நடத்தியதில்லை. பீரோவைத் திறந்து கருவிகளை எடுத்துக் கொடுப்பது, மாணவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சோடியம் விளக்கைப் போட்டு வைப்பது, உடைந்த லென்ஸுக்கும் தொலைந்த எடைக்கல்லுக்கும் கணக்கு எழுதுவது, மாலையில் எல்லாவற்றையும் துடைத்து உள்ளே வைப்பது, இவைதான் என் வேலை. ஒரு கருவி உழைக்குமா உழைக்காதா என்று கையில் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிடுவேன். எக்ஸ்ப்ஐஸ்-17 என்ற இந்த இயற்பியல் சோதனைப் பெட்டியைப் பற்றி எழுத மட்டும் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்கிறேன். பேத்தி பத்தாவது முடித்து முதல் குரூப்பில் சேர்ந்த வாரம். இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, “நான் பிசிசிஸ்ட் ஆகப் போறேன்ப்பா” என்றாள். என் மகன் தோசையைப் பிய்த்துக்கொண்டே, “அப்படின்னா காலைல எந்திரிச்சு என்ன செய்வாங்க? வாத்தியார் வேலையா?” என்று கேட்டான். கிண்டல் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. டாக்டர் என்ன செய்வார், வக்கீல் என்ன செய்வார் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இயற்பியலாளர் என்ன செய்வார்? அவளுக்கும் சொல்ல வரவில்லை, என்னைப் பார்த்தாள். அத்தனை வருடம் அந்த அறையிலேயே கிடந்த எனக்கும் ஒரு வரியில் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு இந்தப் பெட்டிக்கு ஆர்டர் போட்டேன்.

எக்ஸ்ப்ஐஸ்-17 உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. யு.எஸ்.பி. வயரால் மடிக்கணினியில் செருகினால் போதும், தனியாக மின்சாரம் வேண்டாம். அதற்குரிய இணைப்பு வயர் இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள். ஒன்றில் மின்னழுத்தம் அளக்கலாம், ஒன்றிலிருந்து அலை வெளியே வரும், ஒன்று அதிர்வெண் எண்ணும், ஒன்று மின்தேக்கியை அளக்கும், ஒன்று மாறாத மின்னோட்டம் தரும். எங்கள் ஆய்வகத்தில் நாற்பது பேருக்கு மின் அலைகளைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ. ஒரே ஒன்றுதான் இருந்தது. அதைத் தொட மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அந்த சி.ஆர்.ஓ., பக்கத்தில் இருந்த அலையாக்கி, மேசைக்கடியில் இருந்த பவர் சப்ளை எல்லாம் சேர்ந்து செய்த வேலையில் முக்கால்வாசியை இது செய்கிறது. ஏ1, ஏ2 என்ற இரண்டு முனைகளும் கூட்டல் கழித்தல் 16 வோல்ட் வரை எடுக்கும். விநாடிக்குப் பத்து லட்சம் முறை அளக்க முடியும். பன்னிரண்டு பிட் துல்லியம், அதாவது ஒரு அளவை 4096 படிகளாகப் பிரித்துப் பார்க்கும். கூரியரோடு சேர்த்து எனக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மென்பொருளுக்குக் காசு இல்லை.

இதைச் செய்தவர்கள் யார் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. டில்லியில் இண்டர் யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. பெல்லட்ரான் என்ற பெரிய முடுக்கியை வைத்து அயனிகளை வேகப்படுத்தி எதன்மீதாவது மோதவிட்டு, அணுக்கருவுக்குள்ளும் பொருளுக்குள்ளும் என்ன நடக்கிறது என்று பார்க்கும் இடம். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் முறை வைத்து அங்கே போய் அளந்துவிட்டு வருவார்கள். அங்கே வேலை பார்த்த அஜித் குமார் என்ற இயற்பியலாளரும் உடனிருந்தவர்களும் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தில் உருவாக்கிய கருவி வரிசை இது. பெட்டியின் வரைபடம், நிரல் எல்லாமே திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், செய்யலாம், மாற்றலாம். முடுக்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு வேண்டிய கருவி பாதி நேரம் கடையில் கிடைக்காது, தாங்களே செய்துகொள்ள வேண்டும். அந்தப் பழக்கம்தான் பள்ளிக்கூடப் பிள்ளையின் மேசை வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது. பேத்தியிடம் நான் சொன்ன முதல் பாடம் இதுதான்: கருவி செய்வதும் இயற்பியலாளர் வேலை.

பெட்டி வந்து சேர்ந்ததில் கொஞ்சம் சிரமம். நான் ஆர்டர் போட்ட இணையக் கடை (பெயர் வேண்டாம்) பத்து நாள் தாமதம் செய்தது, உதிரிப் பையில் காந்தம் இல்லை. மூன்று முறை போன் செய்த பிறகு காந்தம் தனியாக ஒரு உறையில் வந்தது. வாங்குகிறவர்கள் பை வந்த அன்றே பிரித்து, காயில் (கம்பிச்சுருள்), காந்தம், பீசோ வில்லை (ஒலி எழுப்பும் தகடு), எல்.இ.டி., மின்தடை எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் செய்தது மிக எளிமையான சோதனை. ஏ3 முனையில் ஒரு நீளமான வயரைச் செருகி, மறுமுனையை எதிலும் இணைக்காமல் சும்மா மேசைமேல் போட்டோம். திரையில் அலை ஓடியது! வயரைப் பேத்தி விரலால் பிடித்ததும் அலை இன்னும் பெரிதானது. சுவருக்குள் ஓடுகிற மின்சாரத்தைத்தான் அந்த வயரும் அவள் உடம்பும் வாங்கிக் காட்டின. (பிளக்கில் வயரைச் செருகக் கூடாது, சும்மா காற்றில் கிடந்தாலே போதும். பிள்ளைகளிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள்.) மென்பொருளே அலையோடு ஒரு வளைவைப் பொருத்தி அதிர்வெண்ணைச் சொல்லிவிடும். 49.94 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அலை என்று வந்தது.

“புத்தகத்துல 50னு போட்டிருக்கே தாத்தா” என்றாள்.

எங்கள் கல்லூரியாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு மாணவர் அப்ஜர்வேஷன் நோட்டில் 50 என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போயிருப்பார். நான் பேசாமல் இருந்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். 50.02. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாள். 49.97. அப்புறம் அவளே கேட்ட கேள்வியைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்: “கரண்ட் மாறுதா, இல்ல இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற கடிகாரம் தப்பா?”

இதுதான் சார் அந்த வேலை. என் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் அன்றைக்கு அந்த மேசையில்தான் கிடைத்தது. ஒரு எண் வந்தால் அது உலகத்திலிருந்து வந்ததா, கருவியிலிருந்து வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு நாள் யோசித்தாள். பெட்டிக்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகக் கடிகாரம். அது தவறாக ஓடினால் எப்போதும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தவறாக ஓடும். இந்த எண்ணோ ஏறுகிறது, இறங்குகிறது, 50க்கு இந்தப் பக்கமும் வருகிறது, அந்தப் பக்கமும் வருகிறது. ஆகவே மாறுவது மின்சாரம்தான் என்றாள். பிறகு தேசிய மின்தொகுப்பை நடத்துகிறவர்கள் இணையத்தில் அந்தந்த நேரத்து அதிர்வெண்ணைக் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தோம். இரண்டாவது தசமம் வரை ஒத்துப்போனது. நாட்டில் எல்லோரும் சேர்ந்து அதிகமாக இழுத்தால் மின்நிலையங்களில் சுற்றுகிற இயந்திரங்கள் துளி மெதுவாகும், அதிர்வெண் இறங்கும். இழுப்பு குறைந்தால் ஏறும். 49.90க்கும் 50.05க்கும் நடுவில் அதைப் பிடித்து வைக்க இரவு பகலாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு மேசையில் கிடந்த ஒரு துண்டு வயரில் நாட்டின் மின்தொகுப்பு முழுவதும் தெரிகிறது என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்றைக்கே கொடுத்த காசு எனக்கு வந்துவிட்டது.

அடுத்து, காயிலுக்குள் காந்தத்தை விழவிடும் சோதனை. அட்டைக் குழாயில் காயிலைச் செருகி, மேலிருந்து காந்தத்தைப் போட்டால் திரையில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் வரும். காந்தம் உள்ளே நுழையும்போது ஒன்று, வெளியேறும்போது எதிர்ப்பக்கமாக இன்னொன்று. இரண்டாவது உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், ஏனென்றால் அதற்குள் காந்தம் வேகம் பிடித்துவிடுகிறது. இது பாடத்திலும் இருக்கிறது. பாடத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இரண்டின் பரப்பும் ஒன்று என்பது. உள்ளே போன காந்தப் பாயம் (காயிலுக்குள் ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) முழுக்க வெளியே வந்தாக வேண்டுமல்லவா? பேத்தி படத்தைத் தாளில் அச்செடுத்து, பென்சிலால் கட்டம் போட்டு எண்ணினாள். நூற்றுக்கு இரண்டு வித்தியாசத்தில் சமமாக வந்தது. கணினியே கூட்டிக் கொடுக்கும் என்று நான் சொல்லவில்லை. விரலால் எண்ணின பரப்பு மறக்காது.

இனி எட்டு மாதத்தில் எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்த சோதனைக்கு வருகிறேன். குண்டை விழவிட்டு ஜி, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது.

ஒரு போல்ட்டில் எனாமல் வயரைச் சுற்றி மின்காந்தம் செய்தேன். சைக்கிள் கடையில் ஒரு பேரிங் குண்டு கேட்டு வாங்கினோம். பெட்டி மின்காந்தத்துக்கு மின்சாரம் கொடுத்துக் குண்டைப் பிடித்துக்கொள்ளும். நாம் திரையில் சொன்னதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கணத்திலிருந்து நேரம் எண்ணும். கீழே இரண்டு தகடுகள். குண்டு விழுந்ததும் ஒன்றோடு ஒன்று தொட்டு எண்ணுவது நிற்கும். உயரமும் நேரமும் தெரிந்தால் ஜி வந்துவிடும். நேரத்தை மைக்ரோ விநாடியில் காட்டுகிறது. எங்கள் கல்லூரியில் பெண்டுலத்துக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்த பிள்ளைகளின் முகம் கண்முன் வந்தது.

30 சென்டிமீட்டரில் பத்து முறை விழவிட்டோம். சராசரி எடுத்தால் ஜி 9.47. பேத்திக்கு முகம் வாடிவிட்டது. 40 சென்டிமீட்டரில் 9.51. 10 சென்டிமீட்டரில் 9.26.

இந்த இடத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் ஆய்வகத்தில் எத்தனையோ பிள்ளைகள் 9.8 என்ற விடையை முதலில் எழுதிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரெக்கார்ட் நோட்டில் 9.26 என்று எழுதினால் மதிப்பெண் போகும், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் திருப்பி அனுப்புவார் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. பழைய ரெக்கார்ட் நோட்டுகள் விடுதியில் கைமாறின. ஒரே ரீடிங் ஏழு வருடம் வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடம் அதைத் தெரிந்தே விட்டுவிட்டது. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். அந்தப் பிள்ளைகளிடமிருந்து மதிப்பெண் போகவில்லை, வேறொன்று போய்விட்டது. தவறான எண்தான் ஒரு இயற்பியலாளருக்குக் கிடைக்கிற முதல் துப்பு. அதை அழிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, நம் பிள்ளைகள் ஏன் ஆராய்ச்சிக்குப் போவதில்லை என்று கேட்கிறோம்.

பேத்தி அழிக்கவில்லை. மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். உயரம் குறையக் குறைய ஜி குறைகிறது. பூமிக்கு நம் மேசை உயரம் தெரியாது, அப்படியானால் நாம் அளக்கும் விதத்தில் ஏதோ ஒன்று. முதலில் ஸ்கேல் மேல் சந்தேகப்பட்டாள். உயரத்தை ஒரு குறிப்பிட்ட அளவு தப்பாகவே அளக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டரில் வருகிற பிழை 40இல் நாலில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆனால் பாதியாகத்தான் குறைந்திருக்கிறது: அங்கே அரைக்குக் கொஞ்சம் மேலே, இங்கே காலுக்குக் கொஞ்சம் மேலே. நேரத்தில் ஒரே அளவு பிழை இருந்தால் பாதியாகக் குறையும், ஏனென்றால் உயரம் நாலு மடங்கானால் விழும் நேரம் இரண்டு மடங்குதான் ஆகும். உயரத்தின் வர்க்கமூலத்தை ஒரு பக்கமும் நேரத்தை ஒரு பக்கமும் வைத்து வரைபடம் போட்டாள். நேர்க்கோடு வந்தது. ஆனால் அது சுழியில் போய் முடியாமல், அதற்குச் சுமார் 4 மில்லி விநாடி மேலே நின்றது.

மின்சாரத்தை நிறுத்தின உடனே மின்காந்தம் குண்டை விட்டுவிடுவதில்லை. போல்ட்டில் மிச்சம் இருக்கும் காந்தம் 4 மில்லி விநாடி பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்படியா என்று சோதிக்க, குண்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாளை ஒட்டினோம். தாமதம் பாதிக்கும் கீழே குறைந்தது. கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டபோது ஜி 9.7க்கும் 9.8க்கும் நடுவில், 9.8ஐ ஒட்டி வந்தது. மதுரையில் அது 9.78 இருக்க வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், பூமி இங்கே கொஞ்சம் புடைத்திருக்கிறது, அதன் சுழற்சியும் நம்மைத் துளி தூக்குகிறது. துருவத்தில் 9.83. புத்தகத்தில் இருக்கும் 9.8 யாருடைய ஊருக்கும் முழுக்கச் சொந்தமில்லை என்பதை அன்றைக்குத்தான் நானும் உட்கார்ந்து யோசித்தேன்.

இதற்கு எங்களுக்கு ஒன்பது ஞாயிற்றுக்கிழமை ஆனது. கல்லூரியில் இதே சோதனைக்கு இரண்டு மணி நேரம்தான். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தப் பெட்டி சரிப்படாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு நடுவில் மகன் வழக்கமான கேள்விக்கு வந்தான். “சரிப்பா, இவ ஆகிறதுன்னா எப்படி? வேலை கிடைக்குமா?” நான் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பன்னிரண்டாவதில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். அப்புறம் இரண்டு வழி. ஐசர் என்கிற ஆராய்ச்சிக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும். ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐந்து வருடப் படிப்பில் சேரலாம். அதே மாதிரி நிறுவனமான புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. இல்லையென்றால் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. படித்துவிட்டு ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யிலோ பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலோ மேற்படிப்பில் சேரலாம். இந்த இரண்டாவது வழி பல வீடுகளுக்குத் தெரியவே தெரியாது. பி.எஸ்சி. எடுத்தால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் ஆய்வகத்தில் டிராவலிங் மைக்ராஸ்கோப் பிடித்த பிள்ளைகளில் ஜாம் எழுதிப் போனவர்கள் இருக்கிறார்கள். யாரோ ஒரு ஆசிரியர் விண்ணப்பத் தேதியைச் சொன்னதுதான் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த வித்தியாசம்.

அதன்பிறகு முனைவர் பட்டம். நெட், கேட், ஜெஸ்ட் என்று தேர்வுகள். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்துக்குப் போகிறவர்கள் ஜெஸ்ட் எழுதுவார்கள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023இல் உயர்த்தியபடி மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. படிக்கிற காலத்திலேயே சம்பளம் மாதிரி பணம் வரும் என்பதை மகன் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான். முனைவர் பட்டத்துக்கு ஐந்து, ஆறு வருடம். அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று போஸ்ட்டாக், அதாவது தற்காலிக ஆராய்ச்சி வேலை. நிரந்தர வேலை கிடைக்கும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும், இடங்களும் குறைவு. இதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்குத் துரோகம். ஆனால் பேராசிரியர் வேலை மட்டும்தான் வழி என்றும் இல்லை. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வானிலைத் துறை இருக்கிறது, விண்வெளித் துறை இருக்கிறது.

மருத்துவமனையும் இருக்கிறது. இதை நான் நேரில் பார்த்தேன். நாலு வருடம் முன்பு என் மனைவிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்தது. ஒருநாள் சீக்கிரம் போய்விட்டோம். முதல் நோயாளியை உள்ளே விடுவதற்கு முன் ஒருவர் அந்த இயந்திரத்தடியில் அளவி ஒன்றை வைத்து, இன்றைக்கு இயந்திரம் தருகிற கதிரின் அளவு நேற்றைய அளவுதானா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என்னைக் கண்டு நின்று, “அண்ணே, ஸ்பெக்ட்ரோமீட்டர் அண்ணன்தானே?” என்றார். எங்கள் ஆய்வகத்துப் பழைய மாணவர், எம்.எஸ்சி. முடித்து மருத்துவ இயற்பியல் படித்தவர். கட்டிக்கு எவ்வளவு, பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்புக்கு எவ்வளவு குறைவாக என்று கணக்குப் போடுவது அவர் வேலை. மனைவி இப்போது நலமாக இருக்கிறாள். டாக்டருக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள். அந்தக் காலை நேரத்து அளவைப் பற்றி வெளியே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் தெரியாது. மகனுக்கு இந்தக் கதையைச் சொன்னபோதுதான் அவன் தோசைத் தட்டை நகர்த்திவைத்துவிட்டு முழுதாகக் கேட்டான். அவன் அம்மா விஷயம்.

பேத்திக்கு நான் சொன்னது வேறு. வத்திராயிருப்பில் பிறந்து மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றிச் சொன்னேன். கல்கத்தாவுக்குப் போய் சி.வி. ராமனோடு சேர்ந்து 1928இல் ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். அவர்கள் திரவங்களில் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பதற்கு முன்னால், அந்தத் திரவத்தில் ஒரு தூசு இல்லாதபடி வெற்றிடத்தில் மறுபடி மறுபடி வடித்தெடுத்தார்கள். தூசு இருந்தால் அதில் பட்டுச் சிதறும் ஒளி, தேடுகிற மங்கலான ஒளியை மூழ்கடித்துவிடும். 31 வருடம் லென்ஸ் துடைத்தவனுக்கு அந்த இடம் நன்றாகப் புரிகிறது. அன்னா மாணியைப் பற்றியும் சொன்னேன். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் இயற்பியல் படித்து முடித்து, ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தார். எம்.எஸ்சி. இல்லை என்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகு வானிலைத் துறைக்குப் போய், மழைமானியிலிருந்து காற்றுமானி வரை நம் நாட்டிலேயே செய்ய ஏற்பாடு செய்தவர். அதற்காகப் பட்டம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. பட்டம் வாங்கு என்றுதான் சொன்னேன், அவருக்கு நடந்தது அநியாயம். கருவியின்மேல் அவருக்கிருந்த பிடிவாதத்தை மட்டும் எடுத்துக்கொள் என்றேன்.

கொடைக்கானல் போனபோது சூரிய ஆய்வகத்தையும் காட்டினேன். 1909இல் எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் அங்கே உட்கார்ந்துதான் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். நூறு வருடத்துக்கு மேலாக மேகம் இல்லாத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவள் ஏரியில் படகு விடக் கேட்கவில்லை.

சரி, பெட்டிக்குத் திரும்புகிறேன். முனைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கின்றன, என் வயதுக்காரர்களுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். நான் வெள்ளை ஸ்டிக்கரில் தமிழில் எழுதி மேலே ஒட்டிவிட்டேன். அலையாக்கி 5 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் போகும். ஒலி, பெண்டுலம், மின்தேக்கி, காயில், டயோடு, டிரான்சிஸ்டர் எல்லாவற்றுக்கும் அது தாராளம். ரேடியோ பக்கம் போக நினைக்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். 16 வோல்ட்டுக்கு மேல் எதையும் ஏ1, ஏ2 முனைகளில் கொடுக்கக் கூடாது. ஏ3க்கு எல்லை இன்னும் குறைவு. எங்கள் வீட்டில் எந்த வயரைச் செருகுவதற்கு முன்னாலும் சத்தமாக வோல்ட்டேஜைச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். மென்பொருளில் பாடப்புத்தகச் சோதனைகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன, ஒரு பட்டனைத் தட்டினால் விடை வந்துவிடும். முதல் மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெறும் அலைத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்ததை எல்லாம் அளக்கட்டும். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் நாலு வரி எழுதி இதை நேராக இயக்கலாம். பேத்தி இப்போது அப்படித்தான் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் அதிர்வெண்ணைத் தானே குறித்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறாள்.

யாருக்கு வாங்கலாம் என்றால், ஒன்பதாவதுக்கு மேல் படிக்கிற, கேள்வி கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்து, கூட உட்கார ஒரு பெரியவரும் இருந்தால் வாங்குங்கள். அந்தப் பெரியவருக்கு இயற்பியல் தெரிய வேண்டும் என்றில்லை, பொறுமை வேண்டும். பத்து குடும்பம் சேர்ந்து தெருவுக்கு ஒன்று வாங்கினாலும் தகும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒரு வகுப்புக்கு ஐந்து பெட்டி கேட்டுப் பாருங்கள், எட்டு பேருக்கு ஒன்று என்றால்கூட எங்கள் ஆய்வகத்தைவிட நல்ல நிலைமை.

வாங்கும்போது கூடவே வாங்க வேண்டியவை: முனையில் பின் வைத்த வயர் இருபது (கூட வருவது போதாது, அடிக்கடி கழன்று போகும்), நல்ல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று, தடிமனான கோடு போட்ட நோட்டு ஒன்று. நோட்டில் ரப்பர் பயன்படுத்தக் கூடாது. தப்பான எண்ணை ஒரே கோடாக அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்.

பேத்தியின் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியை போன மாதம் இதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்று வாங்கியிருக்கிறார். அவருடைய பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டிருக்கிறாள். இரண்டையும் ஒரே வயரில் போட்டு, இரண்டு கடிகாரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டுமாம். முதல் நாள் கேட்ட கேள்வியில் பாதிதான் முடிந்திருக்கிறது என்கிறாள்.